நெறி கட்டுற இடம்

காலில் முள் குத்தி, அதைக் கவனிக்காமல் விட்டு, சீழ் வைத்துவிட்டால் ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ தொடை இடுக்கில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று கையில் தட்டுப்படும். நடந்தால் வலிக்கும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் வலிக்கிற இடத்தைப் பார்க்க மாட்டார்கள், பாதத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். “நெறி கட்டியிருக்கு. கால்ல எங்கயோ புண்ணு இருக்கணுமே?” புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி ஓடுகிறது என்பதை மருத்துவம் படிக்காத பாட்டிகள் தெரிந்து வைத்திருந்தார்கள். தொண்டை கரகரத்தால் கழுத்தில் கட்டும், விரலில் ஆழமாக வெட்டுப்பட்டால் அக்குளில் கட்டும். கோவிட் தடுப்பூசி போட்ட மறுநாள் ஊசி போட்ட பக்கத்து அக்குள் வலித்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் இதேதான்.

டாக்டர்கள் அந்த நெறியை நிணநீர்க்கணு என்கிறார்கள். இந்த மாதப் பத்தி அதைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், கணுவுக்குள் ஓடும் குழாய்களின் உள்சுவரில் ஒரே ஒரு வரிசையாகப் படிந்திருக்கிற செல்களைப் பற்றி. சாஃப்ட்வேர்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீங்க. என்னை இதற்குள் இழுத்துவிட்டது ஒரு அக்காவின் கேள்வி.

திராமனில் இருக்கிற யாழ்ப்பாணத்து அக்கா அவர். பெயர் வேண்டாம். “எழுதுங்கோ தம்பி, நாலு பேருக்குப் பிரயோசனப்படும்” என்று சொன்னவரும் அவர்தான். நார்வேயில் 50 முதல் 69 வயது வரையிலான பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மமோகிராஃபி எடுக்க அழைப்பு வரும். (அந்தக் கடிதம் வீட்டில் பிரிக்காமல் கிடந்தால் இந்தப் பத்தியை அப்படியே நிறுத்திவிட்டுப் போய்ப் பிரியுங்க. மீதியை அப்புறம் படிக்கலாம்.) அக்கா போனார். மார்பில் சின்னதாக ஒரு கட்டி, புற்றுநோய்தான் என்று உறுதியானது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதன் பிறகு அவரை நோயைவிட அதிகமாக அரித்தது வேறு விஷயம்.

“கமக்கட்டுக்குள்ள இருக்கிற நெறி எல்லாத்தையும் எடுக்க மாட்டினமாம் தம்பி. ரெண்டு மூண்டைத்தான் எடுத்துப் பாக்கப் போயினமாம். எல்லாத்தையும் ஒரேயடியா வழிச்சு எடுத்துவிட்டா நிம்மதிதானே? செலவு பாத்துச் செய்யினமோ?”

நியாயமான பயம். நம் ஆட்கள் பலருக்கும், நிறைய வெட்டினால்தான் நல்ல வைத்தியம் என்று ஓர் எண்ணம் உண்டு. அதோடு இங்கே எதைக் கேட்டாலும் பாரசிட்டமால் கொடுத்து அனுப்புகிறார்கள் என்ற பழைய குறையும் சேர்ந்துகொள்ளும். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. பிறகு ஆஸ்லோவுக்கு வேலைக்குப் போகும் ரயிலில், நாற்பது நிமிடம் போக நாற்பது நிமிடம் வர, சில வாரங்கள் இதையே படித்தேன்.

நான் கும்பகோணம் பக்கத்து ஆள். எங்கள் டெல்டாவில் வாய்க்காலைப் பற்றி ஊரே பேசும். வடிகாலைப் பற்றி ஐப்பசி மழையில் பயிர் மூழ்கினால்தான் பேச்சு வரும். உடம்பிலும் இதே கதை. ரத்தம் மிக மெல்லிய நாளங்களைக் கடக்கும்போது அதிலிருந்து கொஞ்சம் நீர் சதைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் லிட்டர் கணக்கில் சேரும் அந்தக் கசிவைத் திரும்ப ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத் தனியாக ஒரு வடிகால் வலை இருக்கிறது. அதில் ஓடுவது நிணநீர். வடிகாலில் என்னென்ன வருமோ அதெல்லாம் இதிலும் வரும்: செத்த செல்களின் குப்பை, கிருமி, கிருமியைப் பார்த்துவிட்டுத் தகவல் சொல்ல ஓடிவரும் காவல் செல்கள், சில சமயம் புற்றுநோய்ச் செல்கள். இவை ரத்தத்தில் கலக்கும் முன் சோதனை போட, வழி நெடுக அவரை விதை மாதிரி கணுக்கள். நம் உடம்பில் அவை ஐந்நூறுக்குக் குறையாமல் இருக்கும்.

இந்த வடிகாலைக் கண்டுபிடித்த கதையில் நாம் இப்போது வாழும் வட்டாரத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1622இல் இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி, சாப்பிட்டு முடித்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றிப் பால் நிறத்தில் நாளங்களைப் பார்த்தார். அவை குடலுக்கு மட்டுமல்ல, உடம்பு முழுக்க இருக்கின்றன என்று கண்டது ஸ்காண்டிநேவியர்கள். 1652இல் சுவீடனில் ஊலோஃப் ருட்பெக், இருபத்தொரு வயதுப் பையன், அரசி கிறிஸ்டினா முன்னால் அறுத்தே காட்டினார். அடுத்த வருடம் கோப்பன்ஹேகனில் தாமஸ் பார்தொலின் முந்திக்கொண்டு புத்தகம் போட்டார். அன்றைக்கு டென்மார்க்கும் நார்வேயும் ஒரே ராஜா கீழே இருந்ததால் பார்தொலினை நம் கணக்கிலும் பாதி எழுதிக்கொள்ளலாம். தெளிந்த நீர் என்ற பொருளில் லத்தீனில் அவர் வைத்த பெயர்தான் இன்றும் உலகம் சொல்லும் ‘லிம்ஃப்’. உணவுச்சாறு கல்லீரலுக்குப் போகவில்லை, வேறு வழியில் போகிறது என்று தெரிந்ததும், ஆட்சி இழந்த கல்லீரலுக்கு அவர் கேலியாக ஒரு கல்லறை வாசகமும் எழுதினார். யார் முதல் என்று இரண்டு தரப்புக்கும் நடந்த சண்டை தனிக்கதை. ருட்பெக் பிற்காலத்தில், மூழ்கிப்போன அட்லாண்டிஸ் சுவீடன்தான் என்று தடித்தடியாகப் புத்தகங்கள் எழுதினார். நம்ம குமரிக்கண்டக்காரர்களுக்குத் தூரத்துச் சொந்தம் போல.

அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த நாளங்களைப் பற்றிப் பெரும்பாலும் நினைத்தது ஒன்றுதான்: குழாய். உள்சுவரில் மெல்லிய செல்கள், அவ்வளவுதான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ரத்த நாளத்தின் உள்சுவர் செல்லுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வதே கஷ்டம். ப்ராக்ஸ்1, லைவ்1 என்று சில அடையாளப் புரதங்கள் 1999 வாக்கில் தெரியவந்த பிறகுதான் ‘இது நிணநீர்ச் சுவர்’ என்று தைரியமாகக் கை காட்ட முடிந்தது.

அடுத்த தாவல்தான் எனக்குப் பிடித்த பகுதி. அதில் என் தொழிலுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. எங்கள் பாஷையில் ஒரே கோட்பேஸ். எந்த செல்லில் எந்தப் பகுதி ஓடுகிறது என்பதுதான் கண் செல்லையும் கல்லீரல் செல்லையும் வேறாக்குகிறது. ஒரு மரபணு ஓடினால் அது ஆர்என்ஏ என்ற நகலை விட்டுச் செல்லும், சர்வரில் லாக் ஃபைல் சேர்வது மாதிரி. அந்த லாகைப் படித்தால் செல் என்ன வேலையில் இருக்கிறது என்று தெரியும். முன்பு ஒரு துண்டுச் சதையை மொத்தமாகக் கரைத்துத்தான் படிக்க முடிந்தது. சாம்பார்ப்பொடியை நாக்கில் வைத்து, எத்தனை மிளகாய், எத்தனை மல்லி என்று சொல்லப் பார்ப்பது போலத்தான். கணுவில் இந்தச் சுவர் செல்கள் மிகச் சிறுபான்மை, அவற்றின் ருசி மொத்தக் கலவையில் தெரியவே தெரியாது. இப்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனித் துளிக்குள் அடைத்து, ஆளுக்கொரு பார்கோடு ஒட்டி, தனித்தனியாகவே படிக்கிறார்கள்.

2019இல் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் அகிரா தகேதா, சிர்பா யால்கனென் குழுவினர் மனிதர்களின் நிணநீர்க்கணுக்களிலிருந்து இப்படி 33,000 சுவர் செல்களைப் படித்து ‘இம்யூனிட்டி’ இதழில் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி என்று நினைத்த செல்கள் ஆறு வகையாகப் பிரிந்தன.

ஆறு என்ற எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரவுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்: ஒரு திருகைக் கொஞ்சம் திருப்பினால் ஆறு எட்டாகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் நாலாகும். எலிகளில் இதே வேலையைச் செய்த மற்றக் குழுக்களின் பட்டியல் அச்சு அசலாக இதோடு ஒத்துப்போகவும் இல்லை. ஆனால் துர்க்கு ஆட்கள் கம்ப்யூட்டர் பிரித்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வகையின் அடையாளப் புரதத்தையும் நிஜக் கணுவில் சாயமேற்றி, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினார்கள். கணினியில் பிரிந்த வகைகள் கணுவிலும் வேறுவேறு இடத்தில் இருந்தன. எண்ணிக்கை மாறலாம், இடத்துக்கொரு வேலை என்பது மாறாது என்றே தோன்றுகிறது.

சரி, கணுவுக்குள் போய்ப் பார்ப்போம். வெளியிலிருந்து பல சிறு நாளங்கள் கணுவின் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் ஓர் இடுக்கில் நிணநீரைக் கொட்டும். அந்த இடுக்குக்கு மேலே ஒரு கூரை, கீழே ஒரு தரை. இரண்டிலும் சுவர் செல்கள். நடுவில் முடி அளவு இடைவெளிகூட இருக்காது, ஆனாலும் கூரைச் செல் வேறு, தரைச் செல் வேறு.

கூரைச் செல் ஒரு வேலையைக் கமுக்கமாகச் செய்கிறது. கிருமியைப் பார்த்துவிட்டு வரும் காவல் செல்கள் ஒரு வேதிப்பொருளின் வாசனையைப் பிடித்துத்தான் கணுவின் உள்ளே வழி கண்டுபிடிக்கும். அந்த வாசனை எல்லாப் பக்கமும் ஒரே அளவு இருந்தால் எந்தப் பக்கம் போவது? கூரைச் செல்லின் மேல் ஏசிகேஆர்4 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. வாசனைப் பொருளைப் பிடித்து விழுங்குவதுதான் அதன் வேலை. அதனால் கூரைப் பக்கம் வாசனை குறைவு, தரைப் பக்கம் அதிகம். வந்தவருக்குத் திசை கிடைத்துவிடும். 2014இல் எலிகளில் இதைக் காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியை மரியா உல்வ்மார் பிற்பாடு உப்சாலாவுக்கு வந்தார். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்கே ருட்பெக்கின் பெயர். அந்த இருபத்தொரு வயதுப் பையன் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தரைச் செல் மடை பார்க்கிற ஆள். தரையிலிருந்து கணுவின் உள்ளே போகும் நுண்குழாய்களின் வாயில் பிஎல்வேப் என்ற புரதத்தால் ஆன ஒரு சல்லடை இருக்கிறது. சின்ன மூலக்கூறு போகலாம், பெரிது போகக் கூடாது. 2015இல் இதைக் கண்டதும் துர்க்குதான். அந்தப் புரதம் இல்லாத எலிகளில் பெரிய மூலக்கூறுகளும் உள்ளே புகுந்தன, வெள்ளணுக்களும் வழக்கத்துக்கு மேல் நுழைந்தன. அதோடு, இடுக்கில் காத்திருந்து கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களுக்குச் சோறு போடுவதும் இந்தச் சுவர்தான். சுவர் செல்கள் சுரக்கும் ஒரு வளர்ச்சிப் பொருளை நிறுத்தினால் அந்தக் காவலாளிகள் மறைந்துபோகிறார்கள் என்று 2019இல் எலிகளில் காட்டினார்கள்.

இன்னும் உள்ளே, நிணநீர் வெளியேறப் போகும் நடுப்பகுதியில் இருக்கும் சுவர் செல்கள் சிடி209 என்ற புரதத்தைத் தாங்கி நிற்கும். தொற்றுக் காலத்தில் முதல் ஆளாக ஓடிவரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன என்பது தகேதா குழுவின் கண்டுபிடிப்பு. வேறு சில சுவர் செல்கள் நம் சொந்த உடம்புப் புரதங்களைக் காட்டி, அவற்றைத் தாக்கக் கிளம்பும் வெள்ளணுக்களை அங்கேயே அடக்கிவிடுகின்றன. தடுப்பூசியில் வந்த அந்நியப் புரதத்தைச் சுவர் செல்கள் வாரக்கணக்கில் தமக்குள்ளே சேமித்து வைத்திருந்ததை 2014இல் ஓர் அமெரிக்கக் குழு எலிகளில் பார்த்தது. இதில் பலவும் எலிக் கணக்கு, மனிதனில் எவ்வளவு பொருந்தும் என்பது ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் தெரியும். ஆனாலும் குழாய் என்று இனிமேல் யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

புற்றுநோய்ச் செல்லும் இதே வாசல் வழியாகத்தான் வருகிறது, முதலில் தங்குவதும் அதே இடுக்கில்தான். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் குழு 2013இல் காட்டிய விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்ச் செல்கள் கணுவுக்குள் நுழைய, கணுவின் சுவர் செல்கள் சுரக்கும் ஒரு வாசனைப் பொருளையே பிடித்து வருகின்றன. அதை உணரும் ஏற்பியை அடைத்தால், நாளம் கணுவில் சேரும் முனையிலேயே எலிகளில் அவை நின்றுவிட்டன. அதாவது உள்ளே நுழைவதே கதவைக் கேட்டுத்தான்.

இப்போது அக்காவின் கேள்வி. அதன் வேர் நூறு வருடத்துக்கு முந்தியது. 1890களில் அமெரிக்க அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்புப் புற்றுநோய் படிப்படியாக மார்பிலிருந்து கணுவுக்கும், கணுவிலிருந்து உடம்புக்கும் போகிறது, எனவே எல்லாவற்றையும் ஒன்றாக அகற்றினால் நோயை வெட்டி எறியலாம் என்றார். மார்பு, அடியில் இருக்கும் தசை, அக்குள் கணுக்கள் எல்லாம் போகும். பல தலைமுறை டாக்டர்கள் அதையே செய்தார்கள். பெர்னார்ட் ஃபிஷர் 1971இல் அதைச் சோதனைக்கு வைத்தார். அக்குளில் வீக்கம் தெரியாத பெண்களில், கணுக்களை முதலிலேயே அகற்றியவர்களும் அகற்றாமல் விட்டவர்களும் ஒரே அளவுதான் வாழ்ந்தார்கள் என்று 25 வருட முடிவு 2002இல் வந்தது. நோய் எப்போதும் கணுவிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதில்லை, ரத்தம் வழியாகவும் போகும்.

அதனால் இப்போது செய்வது வேறு. மார்பில் கட்டிக்குப் பக்கத்தில் லேசான கதிரியக்கப் பொருளையோ நீலச் சாயத்தையோ ஊசியில் செலுத்துகிறார்கள். பாட்டி பாதத்தைப் பார்த்த அதே வழியை இவர்கள் எதிர்ப்பக்கமாகப் பின்தொடர்கிறார்கள். சாயம் முதலில் போய்ச் சேரும் கணு எதுவோ, நோய் பரவியிருந்தால் அதுவும் அங்கேதான் முதலில் போயிருக்கும். காவல் கணு என்று சொல்லலாம். அந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அங்கே நோய் இல்லையென்றால் மற்றதைத் தொடுவதில்லை.

இருந்தால்? அக்கா அதைத்தான் அழுத்திக் கேட்டார். 891 பெண்கள் சேர்ந்த இசட்0011 என்ற அமெரிக்கச் சோதனையின் பதில் இது: கட்டியை மட்டும் அகற்றி, மார்புக்குக் கதிர்வீச்சும் எடுத்தவர்களில், ஒன்று அல்லது இரண்டு காவல் கணுவில் நோய் இருந்தபோதும், மீதிக் கணுக்களை விட்டவர்களில் 86.3 சதவீதமும் எல்லாவற்றையும் அகற்றியவர்களில் 83.6 சதவீதமும் பத்து வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். மீதியை விட்டதால் நஷ்டமில்லை. சுவீடன் முன்னின்று டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், இத்தாலியோடு நடத்திய செனோமாக் சோதனை, மார்பை முழுவதும் அகற்றியவர்களையும் சேர்த்து, 2024இல் இதையே வேறு விதத்தில் உறுதி செய்தது. கணுவை எடுத்தால் வரும் விலையும் தெரிந்ததுதான். 2013இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கில், அக்குளை முழுக்க வழித்தவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்குக் கை வீங்கியது. காவல் கணு மட்டும் எடுத்தவர்களில் 5.6 சதவீதம்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது நான் டாக்டர் இல்லை என்றும் சொன்னேன். எல்லாருக்கும் இது பொருந்தாது. கணுவில் நோய் நிறைய இருந்தால் அகற்றத்தான் வேண்டும், அந்த முடிவு அங்கே கத்தி பிடிப்பவருடையது. ஆனால் “செலவு பாத்துச் செய்யினமோ” என்ற சந்தேகத்துக்கு மட்டும் என்னால் இல்லை என்று சொல்ல முடிந்தது. குறைவாக வெட்டலாம் என்று கண்டுபிடிக்க நூறு வருடம் ஆனது அக்கா, செலவும் அதில்தான் அதிகம் என்றேன். சிரித்தார். இரண்டு கணு எடுத்தார்கள், இரண்டிலும் ஒன்றுமில்லை. இப்போது கதிர்வீச்சு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டார்.

என் பெரியம்மாவுக்கு இருபது வருடத்துக்கு முன்னால் இதே நோய். அன்றைய வழக்கப்படி அக்குளை முழுக்க வழித்தார்கள், நோயிலிருந்து தப்பித்தார். ஆறேழு மாதத்தில் வலது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கியது. வளையல் ஏறவில்லை, பழைய ரவிக்கைக் கைகளைப் பிரித்துத் துணி ஒட்டுப்போட்டுத் தைத்தார். ஊரில் சிலர் அதைக் கையில் வந்த யானைக்கால் என்றார்கள். அறியாமை என்று சொல்லிவிட முடியாது. வழிதான் வேறு, வடிகால் கெட்டது ஒன்றுதான்.

கும்பகோணம் பக்கத்தில் யானைக்காலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. க்யூலெக்ஸ் கொசு கடித்து உள்ளே போகும் புழு, நிணநீர் நாளத்தையும் கணுவையும் வீடாக்கிக்கொண்டு வருடக்கணக்கில் வாழும். புழு செத்துக் குழாயை அடைப்பதால்தான் கால் வீங்குகிறது என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் உயிரோடு இருக்கும் புழுவே நாளத்தை அகலமாக்கித் தளர்த்திவிடுகிறது. தளர்ந்த நாளம் மேல்நோக்கித் தள்ளாது. தேங்கிய நீரில், விரலிடுக்கு வெடிப்பு வழியாகப் பாக்டீரியா புகுந்து காய்ச்சலும் வீக்கமும் மாறிமாறி வர, கால் யானைக்கால் ஆகிறது. அதனால்தான் வந்துவிட்டவர்களுக்கு முதல் வைத்தியம் சோப்பும் தண்ணீரும். தினமும் காலைக் கழுவித் துடைத்து, வெடிப்பைக் கவனிப்பதே பாதிக் காய்ச்சலைத் தடுத்துவிடும். மேற்கு, தெற்கு, வடமேல் மாகாணங்களில் இந்த நோய் இருந்த இலங்கை, அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. இந்தியா இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. வீடு வீடாக வந்து டிஇசி மாத்திரை தரும் சுகாதாரப் பணியாளர் முன்னால் வாங்கிக்கொண்டு, அவர் தெரு முனை திரும்பியதும் தூக்கிப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்க.

கெட்ட வடிகாலைத் திரும்பக் கட்ட முடியுமா? நிணநீர் நாளத்தை வளரவைக்கும் விஈஜிஎஃப்-சி என்ற பொருளை 1990களில் கண்டறிந்தது ஹெல்சிங்கியில் காரி அலிதாலோவின் குழு. அதை வைத்து ஒரு பின்லாந்து நிறுவனம் மரபணு மருந்து செய்தது. இடுப்புப் பக்கத்திலிருந்து கணுக்களோடு ஒரு துண்டுச் சதையை எடுத்து அக்குளில் பதிக்கும்போது கூடவே இந்த மருந்தும். 2021இல் வந்த முடிவில் மருந்தால் கூடுதல் பலன் என்று நிரூபிக்க முடியவில்லை, அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நாளத்தை வளர்ப்பது ஒன்று, கூரைக்குக் கூரைச் செல்லும் தரைக்குத் தரைச் செல்லுமாக உட்கார்ந்த கணுவைத் திரும்பச் செய்வது இன்னொன்று. கூரைக்கும் தரைக்கும் வித்தியாசம் உண்டு என்பதே நேற்றுத்தான் தெரிந்தது.

அதுவரை கைவசம் இருப்பது எளிய சாமான்கள்: இறுக்கமான கையுறைத் துணி, பழகிய ஃபிசியோதெரபிஸ்ட், தோலில் காயம் வராமல் பார்த்துக்கொள்வது, அப்புறம் உடற்பயிற்சி. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் பெரியம்மா நம்ப மாட்டார். “அந்தக் கையால ஒரு சொம்பு தண்ணிகூடத் தூக்கக் கூடாது” என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். 2009இல் அமெரிக்காவில், கை வீங்கியிருந்த 141 பெண்களில் பாதிப் பேருக்கு, பயிற்சியாளர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் கூடவில்லை. கைக்குப் பலம் கூடியது, தொந்தரவும் குறைந்தது. போன வாரம் போனில் இதைச் சொன்னேன். “இப்ப சொல்றியேடா, இருபது வருஷமா இடது கையாலயே மாவாட்டிப் பழகிட்டேன்” என்றார். கும்பகோணத்தில் வீட்டுக்கு வரக்கூடிய ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.